கிழக்குச் சுவர்

குகநேசன் மின்மானி வாசிக்கிறவர்.
உப்புவெளியில் யார் வீட்டில் எத்தனை யூனிட்,
யார் விடிய விடிய ஏசி போட்டுத் தூங்குகிறார்,
யார் பிரிட்ஜையே நிறுத்திவிட்டார்,
எல்லாம் அவருக்குப் பாடம்.

"எனக்கொரு வீடு கீறித் தாங்கோ.
மாசம் முப்பது யூனிட்டைத் தாண்டக் கூடாது.
தாண்டினால் அந்தச் சிட்டையை
என்ர கையாலயே எனக்கு எழுத வேணும்."

அலஸ்தோட்டத்தில் பன்னிரண்டு பேர்ச் காணி.
சீமெந்துக் கல் வேண்டாம் என்றேன்.
அது பகல் முழுக்க வெயிலைக் கடன் வாங்கி
இரவு பத்து மணிக்கு, பாய் விரித்த பிறகு
வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்.
மரம் மறதிக்காரன்.
பொழுதுபட்டால் வெயிலை மறந்துவிடும்.

"கறையான்?"

கிண்ணியா மரக்காலையில் நவ்சாத் சிரித்தார்.
"சமண்டலையைத் தின்ன வந்த கறையான்
பல்லுக் கட்டித்தான் திரும்பிப் போகும், தம்பி."
பெர்மிட்டையும் எடுத்துக் காட்டினார்.
ஆனாலும் கொங்கிரீட் கட்டைகள் வைத்து
வீட்டை இரண்டரை அடி தூக்கினேன்.
நம்பிக்கை வேறு, அத்திவாரம் வேறு.

ஆடியில் கச்சான் காய்ந்த வாயால் ஊதும்.
அதனால் மேற்கே யன்னல் இல்லை.
குளியலறை, சாமான் அறை, உடுப்பு அலுமாரி:
பின்னேர வெயிலோடு மல்லுக்கட்டுவதைப்
பழைய சூட்கேசுகள் பார்த்துக்கொள்ளட்டும்.
ஓட்டுக்குக் கீழே தும்பு மெத்தை.
முகட்டில் ஒரு சாண் இடைவெளி, சூடு ஏறிப் போக.
கூரை நாலடி வெளியே நீளும்,
மார்கழியில் வாடை மழையைச் சாய்த்து எறிந்தாலும்
பலகை பிழைக்க.

மிச்சக் கணக்கெல்லாம் கடற்காற்றில்.
மத்தியானம் அது கிழக்கால் வரும்.
கிழக்குச் சுவரை இடுப்பளவிலிருந்து
ஆறடி அகலத்துக்குத் திறந்துவிட்டேன்.
கட்டிலில் கிடந்தபடியே
இரண்டு தென்னைகளுக்கு நடுவில்
ஒரு கீற்றுக் கடல் தெரியும்.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

தயாமதி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அறைகளை எண்ணினார்.
அடுப்படிக்குத் தலையாட்டினார்.
பிறகு என் பென்சிலை எடுத்து
கிழக்கு யன்னலின் மேல் ஒரு கோடு,
அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று,
கடதாசி கிழியும்வரை.

குகநேசன் என் அலுவலகக் கூரையைப் பார்த்தார்.
மகள்தான் சொன்னாள், ஏழு வயது லக்சனா:
"அம்மா பஸ்ஸிலயும் மற்றப் பக்கம்தான் இருப்பா."

இரண்டாயிரத்து நாலில்
இவருக்குப் பதினொரு வயது இருந்திருக்கும்.
கணக்குப் பார்த்தேன். கேட்கவில்லை.

யன்னலை மூடினால் ஃபேன் ஓயாது, என்றேன்.
முப்பது, ஐம்பத்தைந்து ஆகும்.
"ஆகட்டும்" என்றார் குகநேசன்.
"நானே எழுதுறன்."

அன்றிரவு அழித்துக் கீறினேன்.
ஏழடிக்கு மேலே சுவர் நீளத்துக்குச் சாய்சட்டங்கள்,
மீன் செதிலைப் போல வெளிப்பக்கம் தாழ்ந்து.
உள்ளே நின்று அண்ணாந்தால்
பலகையின் அடிப்பக்கம் மட்டும்தான்,
வானம்கூட இல்லை.
தரைப் பலகைகளுக்கு இடையில் விரல் நுழையாத நீக்கல்,
வீட்டுக்கடியில் நிழல் குடித்த காற்று மேலே வர.

தயாமதி சட்டங்களைப் பென்சில் நுனியால் எண்ணினார்.
"சத்தம்?"

சத்தத்துக்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.
தும்பு கொஞ்சம் குறைக்கும், என்றேன்.
முழுதாய் நிறுத்தாது.

நெடுநேரம் பேசாதிருந்தார்.
பிறகு, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே:
"சத்தம் கேட்கட்டும்.
கேட்டால்தான்
அது தன்ர இடத்தில இருக்கெண்டு தெரியும்."

முப்பத்திரண்டு யூனிட் வரும் என்றேன்.
குகநேசன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து,
பிரிட்ஜைச் சின்னதாக்கினார்.